விரல்கணு

அன்புள்ள அக்கா,

வெளிநாட்டு மருந்துப் பரிசோதனைகளின் தரவைச் சீராக்கும் ஒரு கொழும்பு அலுவலகத்தில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். இப்போது சாஸ் (SAS) என்ற புள்ளிவிபர மென்பொருளை விட்டு ஆர் (R) மொழிக்கு மாறி, இந்தத் தரவுக்கென்றே ஆரில் உள்ள ஆட்மிரல் (admiral) பேக்கேஜின் மேல் எங்களுக்கென்று சில ஃபங்ஷன்கள் எழுதுகிறோம். பத்து வரி புரோகிராம் கோடுக்கு, அதைச் சரிபார்க்க அறுபது வரி டெஸ்ட். கவரேஜ் நூறு வீதம் வந்தாலும், ரிவ்யூவில் 'இங்கே ஒரு இடைவெளி விடவும்' என்று திருப்பி அனுப்புகிறார்கள். நேரம் போதாமல், ஃபங்ஷனை ஓடவிட்டு வரும் விடையையே டெஸ்டில் ஒட்டிவிடுகிறேன். எல்லாம் பச்சை, அதாவது பாஸ். ஆனால் வீட்டுக்கு வந்தால் ஒரு வரி கவிதை வருவதில்லை. இந்த வேலையில் இருந்துகொண்டு எழுத முடியுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

கவிதையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கடிதத்தின் நடுவில், சம்பலுக்கு உப்புப் போட்டதைச் சொல்வதுபோல ஒரு வசனம் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்: வரும் விடையையே ஒட்டிவிடுகிறேன் என்று. போன கிழமைதான் அப்பாவின் ஆண்டுத் திவசம். அன்றிலிருந்து என் மனதில் ஓடுவதும் இந்த விஷயம்தான். கொஞ்சம் ஏசப் போகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

அப்பா போனது மார்ச் 2ஆம் திகதி. 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை. என் அக்காவின் மகன் கெட்டிக்காரப் பெடியன். கைபேசியில் 31 நாளைக் கூட்டி, ஏப்ரல் 2 என்று வாட்ஸ்அப்பில் போட்டான். அதைப் பார்த்து நான் அழைப்பு அட்டை எழுதினேன். ப்ரூஃபை ஐந்து பேர் பார்த்தோம். சித்தப்பா ஓர் ஒற்றுப்பிழையைக்கூடப் பிடித்தார். திகதியை எல்லாரும் அதே வாட்ஸ்அப் செய்தியோடு ஒத்துப் பார்த்தோம். ஒத்து வந்தது. வராமல் எங்கே போகும்?

இருநூறு அட்டையும் வீட்டுக்கு வந்த பிறகு, கண் மங்கிய பெரியம்மா, "எண்டைக்கு வைக்கிறியள்?" என்று கேட்டார். சொன்னோம். அவர் அட்டையைக் கேட்கவில்லை. அப்பா மோசம்போன நாளையே ஒன்று என்று வைத்து, விரல்கணுக்களில் பெருவிரலை நகர்த்தத் தொடங்கினார். வாய் முணுமுணுக்க எண்ணி முடித்துவிட்டு, "அது முப்பத்திரண்டெல்லே பிள்ளை" என்றார். ஏப்ரல் 1தான் சரி. அன்றிரவு பாய் விரித்து இருந்து இருநூறு அட்டையிலும் 2ஐ நீலப் பேனையால் வெட்டி 1 எழுதினோம்.

கவரேஜ் நூறு வீதம் என்கிறீரே, எங்கள் அட்டைக்கும் நூறு வீதம்தான். ஒரு வரி விடாமல் ஐந்து பேருடைய கண்ணும் ஓடியது. வரி ஓடியதா என்பதைத்தான் கவரேஜ் சொல்லும். விடை சரியா என்று அதற்குத் தெரியாது.

உம்முடைய தரவிலும் இதே கணக்குத்தான். மருந்துப் பரிசோதனைத் தரவுக்கான சிடிஸ்க் (CDISC) விதிப்படி மருந்து தொடங்கிய நாள் 1, அதற்கு முதல் நாள் -1. பூச்சியம் என்ற நாளே கிடையாது. மருந்து மார்ச் 2இல் தொடங்கினால் மார்ச் 1, 2, 3க்கு -1, 1, 2 வர வேண்டும். வெறுமனே கழிக்கிற கோட் -1, 0, 1 என்று தரும். அதை எடுத்து ஒட்டினீரென்றால் அந்த டெஸ்ட் பிழைக்குக் காவல் நிற்கும். நாளைக்கு ஒருவர் கோடைச் சரியாகத் திருத்தினால் சிவப்புக் காட்டி அவரைத்தான் துரத்தும்.

இன்னொன்று. நோயாளிக்கு வாந்தி தொடங்கிய நாள் தெரியாது, 'மார்ச் மாதம்' என்று மட்டும் பதிவு இருக்கிறது. மாதத்தின் முதல் நாளை நிரப்பினால் மார்ச் 1. மருந்து தொடங்கியதோ மார்ச் 2. அந்த வாந்தி மருந்துக்கு முன்னமே வந்ததாகிவிடும், பக்கவிளைவுக் கணக்கிலிருந்து விழுந்துவிடும். நிரப்பும் திகதி இப்படிப் பின்னால் போகாமல் தடுக்கவே ஆட்மிரலில் மின் டேட்ஸ் (min_dates) என்று ஓர் ஆர்க்யுமெண்ட், அதாவது ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் ஓர் உள்ளீடு, இருக்கிறது. அதைப் போட மறந்த கோடை ஓடவிட்டு விடையை ஒட்டினாலும் பச்சைதான் வரும், தங்கச்சி.

நானும் பதினொரு வருடம் இந்தத் தொழிலில் இருந்தவள். சாஸ் காலத்தில் ஒரே டேட்டாசெட்டை இரண்டு பேர் தனித்தனியே செய்வோம். ஒருவர் கோடை மற்றவர் பார்க்கக் கூடாது. பொதுவாக இருப்பது ஸ்பெக், அதாவது எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு மட்டும். கடைசியில் இரண்டையும் ஒப்பிடும் சாஸ் கட்டளையான ப்ரோக் கம்பேர் போட்டு ஒத்துப் பார்ப்போம். அலுப்பான வேலைதான், ஆனால் அந்த இரண்டாவது ஆள் யார் தெரியுமா? பெரியம்மா. நீங்கள் ஆரின் டெஸ்ட் பேக்கேஜான டெஸ்ட்தட்டுக்கு (testthat) மாறியபோது அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

ஃபங்ஷனில் கை வைக்க முதல், ஸ்பெக்கை மட்டும் பார்த்து நாலு வரித் தரவைக் கையால் எழுதும். எல்லை நாள், அதற்கு முதல் நாள், பாதித் திகதி, திகதியே இல்லாத ஒன்று. சாஸிலிருந்து வந்தவர் என்பதால் கடைசி வரியில் கவனம். அங்கே மிஸ்ஸிங், அதாவது பதிவில்லாத மதிப்பு, எந்த எண்ணையும் விடச் சிறியது. ஆரில் அது என்.ஏ. (NA), ஒப்பிட்டால் விடையும் என்.ஏ.தான். பக்கத்தில் விடையையும் நீரே எண்ணி எழுதும். ரிவ்யூ செய்கிறவர் விடைப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு தானும் எண்ணிப் பார்க்க வேண்டும். இடைவெளிச் சண்டையை, கோடை ஒழுங்குபடுத்தும் ஸ்டைலர் (styler) பேக்கேஜ் பார்த்துக்கொள்ளும், அதற்கு ஒரு மனிதர் தேவையில்லை. அறுபது வரி முறைப்பாட்டை நான் வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளும்.

சரி, கவிதை. 100ஆம் இலக்க பஸ்ஸில் ஜன்னல் பக்கம் கிடைக்கிற நாளில் எழுதும். வந்தால் அனுப்பும், வாசிக்கிறேன். ஒட்டிய டெஸ்ட்கள் மட்டும் இந்தக் கிழமைக்குள் போக வேண்டும். பெரியம்மாவிடம் உம்முடைய கதையைச் சொன்னேன். "ஏன், அந்தப் பிள்ளைக்கு விரல் இல்லையோ?" என்று கேட்டார்.