பிரெஞ்சை முதன்மைப் பாடமாக எடுத்துப் படிப்பது வீணா?

பிரெஞ்சு மொழி, பண்பாடு பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் "மொழியைச் செயலியிலேயே கற்றுக்கொள்ளலாமே, அதற்கு எதற்கு ஒரு பட்டம்" என்று வீட்டில் சொல்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஆசை இருக்கிறது, பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை என்று நினைக்கிறேன். நானும் அப்படி நின்றவள்தான்.

பேசினால் போதும் என்றால் பட்டம் வேண்டாம். நல்ல வகுப்பில் சேர்ந்து, பிரெஞ்சுத் திறனுக்குச் சான்றிதழ் தரும் டெல்ஃப் தேர்வை பி2 நிலையில் எழுதிவிடலாம். பட்டப்படிப்பு வேறு விஷயம். அது எனக்கு உறைத்தது இரண்டாம் வருடத்தில், ஒரே ஒரு தாளை வைத்து.

1825 ஏப்ரல் 17 அன்று பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்ல் ஹைட்டியைப் பற்றிப் பிறப்பித்த அரசாணை அது. மூன்றே பிரிவுகள். அகராதியைப் புரட்டி ஒரு மணி நேரத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டேன். ஆசிரியை 'ஹைட்டி' என்று நான் எழுதியிருந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, "இந்தப் பெயர் மூலத்தில் எங்கேம்மா இருக்கிறது?" என்று கேட்டார். தேடினேன். இல்லை. பிரான்சின் குடியேற்றமாக இருந்து, 1804இலேயே விடுதலையை அறிவித்து ஹைட்டி என்று பெயரும் வைத்துக்கொண்ட கரீபியன் நாட்டை, 21 வருடம் கழித்தும் அந்தத் தாள் பழைய குடியேற்றப் பெயரால் 'சாந்தோமேங்கின் பிரெஞ்சுப் பகுதி' என்கிறது. அங்கே வாழ்பவர்களை 'தற்போதைய குடியிருப்பாளர்கள்' என்கிறது. அந்தத் 'தற்போதைய' என்ற சொல்லை நான் வேண்டாத சொல் என்று விட்டிருந்தேன். அவர்களே போராடிப் பெற்ற விடுதலைக்கு அதில் வரும் வினைச்சொல், நாம் 'விட்டுக்கொடுக்கிறோம்' என்பது. விலை, 15 கோடி பிராங்க். யாருக்கு? நிலத்தையும் அடிமைகளையும் இழந்த பழைய குடியேற்ற முதலாளிகளுக்கு. அரசாணையோடு போர்க்கப்பல்களும் போயின. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. இலக்கணம் முழுக்கச் சரியாக இருந்தும் என் மொழிபெயர்ப்பு தப்பு.

உடனே சிலர் "இதைப் படித்தால் வேலை கிடைக்குமா" என்று கேட்பார்கள். நான் பொறியியலையோ கணக்கையோ குறைத்துச் சொல்லவில்லை. பிரெஞ்சு மட்டும் இருந்தால் வழி குறுகல்தான், கூடவே சட்டமோ கணக்கியலோ வேறொன்றோ கைவசம் வேண்டும். நான் சட்ட ஆவணங்களை மொழிபெயர்த்துத்தான் சம்பாதிக்கிறேன்.

இதைச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "சும்மா இரண்டு பக்கம்தான், பார்த்துக் கொடுத்துவிடேன்" என்று இலவசமாகக் கேட்பவர்கள் இன்னும் குறையவில்லை. போன மாதம் தெரிந்தவர் ஒருவர் அனுப்பிய 'இரண்டு பக்கம்' ஒரு வாடகை ஒப்பந்தம். ஒரு சொல் பிசகினால் யார் பொறுப்பு? வக்கீலிடம் இப்படிக் கேட்பார்களா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். பாரிஸோடு நின்றுவிட்டால் யோசியுங்கள். செனகல், கியூபெக், கரீபியன் தீவுகள் எல்லாம் இருக்க வேண்டும். பிரெஞ்சு மொழியைக் காப்பதற்கென்றே 1635இல் தொடங்கிய பிரெஞ்சு அகாதமியே, கவிஞரும் செனகலின் முதல் குடியரசுத் தலைவருமான செங்கோரை 1983இல் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்புறம், சொல்வதை எழுதும் வகுப்பைச் சின்னப்பிள்ளை வேலை என்று தவறவிடாதீர்கள். 'அவன் பேசுகிறான்', 'அவர்கள் பேசுகிறார்கள்' இரண்டும் பிரெஞ்சில் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். கையால் எழுதும்போதுதான் எது எதென்று தெரிய வேண்டிவரும்.