பதிவிறக்கப் பட்டை 312 சதவீதம் காட்டுவது ஏன்?

நீங்க எழுதின டவுன்லோட் புரோகிராமில் பட்டை 312 சதவீதம் வரை போகுது, அதோட வெளியீட்டைச் சேமிச்ச லாக் ஃபைலைத் திறந்தா ஆயிரக்கணக்கான பட்டைகள் ஒட்டிக்கிட்டுக் கிடக்குதுன்னு எழுதியிருந்தீங்க. ரெண்டும் வேற வேற கோளாறு.

சதவீதம் எகிறுதுன்னா, பெரும்பாலும் சர்வர் ஃபைலை ஜிஜிப்பில் (ஒரு சுருக்கும் முறை) சுருக்கி அனுப்புது. ஃபைலுக்கு முன்னாடி சர்வர் அனுப்புற விவரக் குறிப்பான கன்டென்ட்-லென்த் ஹெட்டர் சொல்றது சுருக்கிய அளவை. நீங்க கூட்டுறது விரிச்ச பிறகு கிடைக்கிற பைட்டுகளை. விரிக்கிறதுக்கு முன்னாடியே எண்ணுங்க. சில சர்வர்கள் துண்டு துண்டா அனுப்பும், அப்போ அந்த ஹெட்டரே வராது. அந்த நேரத்தில் சதவீதத்தை விட்டுடுங்க. "18.4 எம்பி, நொடிக்கு 2.1 எம்பி"ன்னு ஓடினாலே ஆள் நிம்மதியா இருப்பார். 99-இல் நின்னு முழிக்கிற பட்டையைவிட அது எவ்வளவோ மேல்.

லாக் விஷயம் சின்னது. பட்டையை அதே வரியில் திரும்ப வரைய நீங்க அனுப்புற கேரேஜ் ரிட்டர்ன் எழுத்து, டெர்மினலில் (கட்டளை தட்டுற திரையில்) தான் கர்சரை வரித் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும். ஃபைலில் அது வெறும் இன்னொரு எழுத்து. வெளியீடு டெர்மினலுக்குப் போகுதான்னு பார்த்து, இல்லைன்னா பட்டையை நிறுத்திட்டு, முடிஞ்சதும் ஒரே வரி எழுதுங்க. டபிள்யூகெட்ங்கிற டவுன்லோட் கருவியும் அந்த இடத்தில் பட்டையை விட்டுட்டுப் புள்ளிக்கு மாறிடும். பட்டையை ஸ்டாண்டர்ட் எரரில் (பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீட்டு வழி) எழுதுங்க, கர்ல்ங்கிற இன்னொரு டவுன்லோட் கருவி மாதிரி. இல்லைன்னா வெளியீட்டை இன்னொரு புரோகிராமுக்குப் பைப் போட்டு அனுப்புறவங்க, பட்டையும் கலந்து போகுதுன்னு திட்டுவாங்க.

இன்னொண்ணு: "10.0 எம்பி" இருந்த இடத்தில் "9.8 எம்பி" எழுதினா கடைசி எழுத்து மிஞ்சி "9.8 எம்பிபி"ன்னு நிக்கும். ஒவ்வொரு தடவையும் வரியின் மிச்சத்தை அழிச்சிடுங்க. நொடிக்குப் பத்து தடவை வரைஞ்சாலே தாராளம்.