வாசகர் கேள்வி – பதில்: ராணுவத்தைக் கேள்வி கேட்பது யார்?

கேள்வி: கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இப்போது டிரோன்களுக்கான அலுமினிய உதிரி பாகங்களும் கடைந்து கொடுக்கிறோம். 2021 ஜூனில் ஜம்மு விமானப்படைத் தளத்தில் டிரோன் மூலம் குண்டு போட்டார்கள். சூலூர் தளம் இருக்கும் மாவட்டத்துக்காரன் என்பதால் கேட்கிறேன்: இத்தகைய புதிய ஆபத்துகளுக்கு ராணுவம் தயாரா என்று நாடாளுமன்றத்தில் கேட்பது யார்? நம் எம்.பி. கேட்கலாமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: தாராளமாகக் கேட்கலாம். 15 நாட்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் எந்தத் தளத்தில் என்னென்ன கருவிகள் உள்ளன என்று கேட்டால், நாட்டின் பாதுகாப்பு கருதித் தெரிவிக்க இயலாது என்ற பதிலைத்தான் எதிர்பார்க்க வேண்டும்; அதில் தவறும் இல்லை.

உருப்படியான வேலை நடப்பது பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவில்தான். துறைவாரியான இக்குழுக்கள் 1993 முதல் இயங்குகின்றன. மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் இதில் இருப்பார்கள், அமைச்சர்களுக்கு இடமில்லை. கதவை மூடிக்கொண்டு கூடுவதால் அதிகாரிகள் உள்ளதை உள்ளபடி சொல்ல முடிகிறது, உறுப்பினர்களுக்கும் கேமராவைப் பார்த்துப் பேசும் அவசியம் இல்லை.

2018 மார்ச்சில் ஆளுங்கட்சி எம்.பி.யும் முன்னாள் மேஜர் ஜெனரலுமான பி.சி. கந்தூரி தலைமையிலான குழு அளித்த அறிக்கையைப் பாருங்கள். தரைப்படைத் தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை, 8 சதவீதமே அதிநவீனமானவை என்று படையின் துணைத் தளபதியே அக்குழுவிடம் கூறியிருந்தார். அதே மாதம் மக்களவையில், பாதுகாப்புத் துறை உட்பட எல்லா மானியக் கோரிக்கைகளும், அதாவது அமைச்சகங்களின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் கோரிக்கைகள், விவாதமே இல்லாமல் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடும் ‘கில்லட்டின்’ முறையில் நிறைவேறின! குழு பாடுபட்டுத் தோண்டியெடுத்ததை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

குழுவின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது. அன்றாட நிர்வாகத்திலும் அது தலையிட முடியாது. ஆனாலும் பரிந்துரைகள் மீது எடுத்த நடவடிக்கையை அமைச்சகம் மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அப்பதில்களைக் குழு மீண்டும் ஆராய்ந்து வெளியிடும் அறிக்கையில் நான்காம் அத்தியாயத்தைத் தேடிப் படியுங்கள். அமைச்சகத்தின் எந்தெந்தப் பதில்களைக் குழு ஏற்கவில்லை என்பது அங்கேதான் இருக்கும். நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்.

உங்கள் எம்.பி.க்கு எழுதும்போது, ‘ராணுவம் தயாரா?’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அந்த அத்தியாயத்தில் உள்ள ஒரு பரிந்துரையை எண்ணோடு குறிப்பிட்டு, அதன்பின் எடுத்த நடவடிக்கை என்ன என்று கேட்கச் சொல்லுங்கள். கோவை, சேலம், ஓசூர், திருச்சி, சென்னை ஆகியவற்றை இணைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில், உங்களைப் போன்ற சிறு பட்டறைகளுக்கு வந்த ஆர்டர்கள் எத்தனை என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடலாம். அதற்குப் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பதிலைத் தவிர்க்க வழியில்லை.