மலை ஏறினால் பெட்ரோல் குடிக்கும். ஆனால் இவ்வளவு குடிக்கக் கூடாது

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். 2008 மாடல் பெட்ரோல் வேகன்-ஆர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாங்கியபோது லிட்டருக்கு 14 கிடைத்தது. இப்போது 9, 10-ஐத் தாண்டுவதில்லை. தினமும் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட மூன்று கிலோமீட்டர், வாரம் ஒருமுறை மேட்டுப்பாளையம். அவ்வளவுதான் ஓட்டம். இன்ஜின் வேலை வந்துவிட்டது, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்ய வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் போதும் என்கிறார் இன்னொருவர். இறக்கத்தில் நியூட்ரலில் விடச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். எதைச் செய்வது? பேசாமல் விற்றுவிடலாமா?

பதில்: காந்தத்தை முதலில் முடித்துவிடுவோம். பெட்ரோல் காந்தத்துக்குக் கட்டுப்படுகிற பொருளே அல்ல. குழாயைச் சுற்றி எத்தனை காந்தம் கட்டினாலும் உள்ளே போவது அதே பெட்ரோல்தான். டேங்கில் போடும் மைலேஜ் மாத்திரை, சிகரெட் லைட்டரில் சொருகினால் பச்சை விளக்கு மினுக்கும் டப்பா எல்லாமே இந்த ரகம். அந்த டப்பாவைப் பிரித்துப் பாருங்கள்: ஒரு விளக்கும், அதை மினுக்க வைக்க ஒரு சின்ன சர்க்யூட்டும் இருக்கும். விற்பவர் முதல் வாரம் போன் செய்து "எப்படிங்க, வித்தியாசம் தெரியுதுங்களா?" என்று கேட்பார். காசு கொடுத்தவர் அந்த வாரம் முழுக்க ஆக்ஸிலேட்டரை மெதுவாக மிதித்திருப்பார், தெரியத்தான் செய்யும்.

அடுத்து, எதிர்பார்ப்பைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 325 மீட்டர் உயரம், கோத்தகிரி ஏறக்குறைய 1,800. குடும்பத்தோடு சேர்த்து உங்கள் வண்டி ஆயிரம் கிலோ இருக்கும். அதை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டுமே ஒன்றரை லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும். 33 கிலோமீட்டர் உருள்வதற்கான செலவு தனி. இதை எந்த மெக்கானிக்காலும் மிச்சப்படுத்த முடியாது. டிக்கியில் நிரந்தரமாகக் கிடக்கும் சாமான்களை இறக்கினால் கொஞ்சம் மிஞ்சும்: நூறு கிலோவுக்கு ஒரு ஏற்றத்தில் 150 முதல் 200 மில்லி. ஆகவே சமவெளிக்காரர் சொல்லும் 18, 20 கணக்கைக் காதில் வாங்காதீர்கள். ஆனால் வாங்கியபோது 14 கொடுத்த வண்டி இன்று அதே ரோட்டில் 9 கொடுக்கிறது என்றால் அது மலையின் குற்றம் அல்ல. வண்டியில் ஏதோ இருக்கிறது.

அதற்கும் முன்னால், 9 என்பதே சரியான கணக்கா? ரிசர்வ் விளக்கு எரிந்ததை வைத்துச் சொல்கிறீர்கள் என்றால் அது கணக்கே இல்லை. சாய்வான ரோட்டில் அந்த விளக்கு தன் இஷ்டத்துக்கு எரியும். ஒரே பெட்ரோல் பங்கில் டேங்க் நிரப்பி, கிலோமீட்டர் எழுதிக்கொண்டு, மறுபடி அதே பங்கில் அதே அளவு வரை நிரப்பிப் பாருங்கள். கீழே போய்த் திரும்பியதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். இறக்கத்தை மட்டும் அளந்தால் கண்டபடி வரும். ஏற்றத்தை மட்டும் அளந்தால் அழுகை வரும்.

இனி விஷயம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட் மீதுதான். அது வண்டியில் இருக்கிறதா இல்லையா என்பதே உங்களுக்குத் தெரிந்திருக்காது. செகண்ட் ஹேண்ட் மலை வண்டிகளில் அதைக் கழற்றி எறிந்துவிடுவது அவ்வளவு சகஜம். "அது இருந்தா ஹீட் ஆகுதுங்ணா, எடுத்துட்டேன், இனி சூடே ஆகாது" என்பார்கள், பெரிய உபகாரம் செய்த மாதிரி. சூடு ஆகாதுதான். சூடாகாமல் இருப்பதுதான் நோய்.

தெர்மோஸ்டாட் என்பது இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் ஒரு சின்ன வால்வு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து, இன்ஜின் சீக்கிரம் சூடேற உதவும். சுமார் 82 முதல் 88 டிகிரியில் திறந்து வழிவிடும். அதை எடுத்துவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டர் வழியாகச் சுற்றிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். உங்கள் வண்டி கம்ப்யூட்டர் வைத்த பெட்ரோல் இன்ஜின். சென்சார் "இன்னும் குளிர்" என்று சொல்லும்வரை கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக விட்டுக்கொண்டே இருக்கும். கோத்தகிரிக் காலைக் குளிரில், மூன்று கிலோமீட்டர் பள்ளி ஓட்டத்தில், அது கடைசிவரை குளிர் என்றே சொல்லும். பால் பொங்குகிறது என்று அடுப்பை அணைத்துவிட்டு, பால் காயவில்லையே என்று இன்னும் விறகு வாங்கி வருகிற கதை.

கண்டுபிடிப்பது எளிது. அரவேணு தாண்டி குஞ்சப்பனை நோக்கி இறங்கும்போது டேஷ்போர்டில் வெப்பமானி முள்ளைப் பாருங்கள். நடுவில் நிற்க வேண்டிய முள், இறக்கம் போகப் போகச் சரிந்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. ஹீட்டரையும் போட்டுப் பாருங்கள். பத்து கிலோமீட்டர் ஓடிய பிறகும் வெதுவெதுப்பான காற்றுதான் வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

புதிய வால்வு சில நூறு ரூபாய்ச் சாமான். மாட்டும் முன் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிப்பதற்குள் நடுவில் இருக்கும் வட்டத் தட்டு மெல்ல விலகித் திறந்திருக்க வேண்டும். திறக்காததைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

இந்த 94 டிகிரியில்தான் ஆரம்பக் குற்றவாளியும் ஒளிந்திருக்கிறான். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 110 டிகிரி தாண்டினாலும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் போய்விட்டால் அழுத்தம் நிற்காது; மலை உச்சியில் 94-லேயே கொதித்துப் பொங்கும். நீங்கள் வாங்கிய பிறகு ஏதோ ஒரு சர்வீஸில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். மூடியை மாற்றியிருந்தால் முடிந்திருக்கும், வால்வைப் பிடுங்கியிருக்கிறார்கள். எனவே வால்வு போடும்போது மூடியும் புதிது போடுங்கள், வெறும் தண்ணீரை வடித்துவிட்டுக் கூலன்ட் ஊற்றுங்கள். மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

காலையில் பத்து நிமிடம் வண்டியை நிறுத்தியபடியே உறும விடும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். மாதத்துக்கு மூன்று லிட்டர் அதிலேயே போகும். ஸ்டார்ட் செய்து அரை நிமிடம், பிறகு மிதமாக ஓட்டுங்கள். ஓடினால்தான் சீக்கிரம் சூடேறும்.

இப்போது ரீபோர். உங்களுக்கு யோசனை சொன்னவர், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தாரா? பார்த்திருந்தாலும் கவனம். மலையில் இது ஒரு பழைய பொறி. இங்கே காற்றின் அழுத்தமே கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே புத்தகத்தில் 100 என்று போட்டிருந்தால் நல்ல இன்ஜினே கோத்தகிரியில் 80 அளவுதான் காட்டும். முள்ளைக் காட்டி, "பாருங்க, இருபது பர்சன்ட் போயிடுச்சு" என்று சொல்லி வேலையைக் கீழே ஒரு லேத்துக்கு அனுப்பினால் அனுப்பியவருக்கும் அதில் பங்கு உண்டு. தெரியாமல் சொல்பவர்களும் உண்டு. ஆனால் பில் இரண்டு பேரிடமும் ஒன்றுதான். பார்க்க வேண்டியது நான்கு சிலிண்டர்களுக்குள் இருக்கும் வித்தியாசம். நான்கும் ஒன்றையொன்று ஒட்டி நின்றால் இன்ஜின் நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் சரிந்து கிடந்தால் பேசலாம். ஆயில் குறையாமல், சைலன்ஸரில் நீலப் புகை வராமல் இருக்கும் இன்ஜினை மைலேஜுக்காகப் பிரிக்க விடாதீர்கள்.

பெட்ரோல் கூடுதலாக எரிகிறதா என்று காசு அதிகம் இல்லாமல் பார்க்க ஒரு வழி சட்டப்படியே இருக்கிறது. அதுதான் நீங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் புகைச் சான்று. அந்தத் தாளில் சிஓ, அதாவது புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, என்று ஒரு எண் இருக்கும். உங்கள் வண்டியைப் போன்ற, பிஎஸ்-3 புகை விதிப்படி வந்த கார்களுக்கு அது 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் தாண்டுகிறது என்றால் பெட்ரோல் முழுதாக எரியாமல் வெளியே போகிறது என்று பொருள். இத்தனை பயனுள்ள சோதனையை நம் ஊரில் என்ன செய்து வைத்திருக்கிறோம்? நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ, கையில் தாள். சைலன்ஸருக்குள் குழாயே போகாது. வண்டியே வராமல் சான்று வாங்கித் தரும் புரோக்கர்களும் இருக்கிறார்கள். அப்படி வாங்கிய தாளில் எல்லோருக்கும் சிஓ அழகாக, ஒரே மாதிரி இருக்கும். மக்களைச் சொல்லி என்ன, சோதனையை நடத்த வேண்டியவர்களே அதைச் சடங்காக்கிவிட்டார்கள். நீங்கள் அடுத்த முறை போகும்போது வண்டியை ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போய், குழாயை உள்ளே விட்டு எடுக்கச் சொல்லி நின்று பாருங்கள். முனகுவார்கள். முனகட்டும், நீங்கள் கொடுப்பது அதற்கான காசு. தெர்மோஸ்டாட் போட்ட பிறகும் எண் கூடுதலாக வந்தால் புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சொந்தக்காரர்களின் நியூட்ரல் யோசனை உயிருக்கு ஆபத்தானது, பெட்ரோலும் மிஞ்சாது. உங்கள் வண்டியில் கியர் போட்டபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை முற்றிலும் நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க அது பெட்ரோல் ஊற்றியாக வேண்டும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்கிறீர்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதனால்தான் இந்த யோசனை சாகாமல் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி, அதாவது கம்ப்யூட்டர் இல்லாமல், இன்ஜின் உறிஞ்சும் காற்றில் பெட்ரோலைக் கலந்துவிடும் பழைய ரகம். 2000-க்கு முந்தைய மாருதி 800, அம்பாசிடர், பத்மினி ஓட்டியவர்கள் நியூட்ரலில் இறங்கி மைலேஜ் பார்த்தது பொய் இல்லை. கார்புரேட்டருக்குப் புத்தி கிடையாது. கியரில் இறங்கும்போது இன்ஜின் வேகமாகச் சுற்றும், உறிஞ்சும், அது பாட்டுக்குப் பெட்ரோலை விட்டுக்கொடுக்கும். நியூட்ரலில் மெதுவாகச் சுற்றுவதால் குறைவாகக் குடிக்கும். கணக்கு அங்கே சரி. இன்னும் கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: கணக்கு சரியாக இருந்தாலும் செய்யாதீர்கள். இன்ஜின் பிடிமானம் இல்லாவிட்டால் முழு பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடேறினால் பிடிக்காது. சாவியையே அணைத்துவிட்டு இறங்கினால் இன்னும் மோசம்: இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும், சாவியை உருவினால் ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளும். குஞ்சப்பனை செக்போஸ்ட் பக்கம் நின்றால் சில வண்டிகளிடமிருந்து கருகல் வாடை வரும். அது மிச்சம் பிடித்தவர்களின் வாடை. கார்புரேட்டர்காரர்கள் மைலேஜ் வேண்டுமென்றால் காற்று-பெட்ரோல் கலவையை மலையிலேயே ட்யூன் செய்யுங்கள். கோயமுத்தூரில் வைத்த செட்டிங் மேலே காற்று குறைந்ததும் பெட்ரோலைக் கொட்டும்.

பிரேக் பேச்சு வந்ததால்: பனியிலும் மழையிலும் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் பிரேக் மைலேஜைத் தின்னும். நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றச் சொல்லுங்கள், தாராளமாகச் சுற்ற வேண்டும். ராத்திரி ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் கட்டிவைப்பதைவிடச் சமமான இடத்தில் கியரில் நிறுத்துவது நல்லது. டயர் காற்று காலையில், வீட்டுப் பக்கத்திலேயே, வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மாற்றிய தேதி தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். விலை கூடிய ப்ரீமியம் பெட்ரோல் உங்கள் இன்ஜினுக்குத் தேவையில்லை.

இவ்வளவு செய்தும் பழைய 14 முழுதாகத் திரும்பாது. காரணம் பங்கில் இருக்கிறது. இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையிலேயே இருக்கிறது. எழுதி வைத்தவர்கள் பழைய வண்டிக்காரருக்குக் கலப்பில்லாத பெட்ரோலைச் சாதாரண விலையில் ஒரு பம்பிலாவது விட்டிருக்கலாம். விடவில்லை, விலையும் குறைக்கவில்லை. நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: பெட்ரோல் ரப்பர் குழாய்களை ஒருமுறை பார்த்து, உப்பியோ வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள்.

விற்பதா? ஆர்சியை 2023-ல் புதுப்பித்திருப்பீர்கள், 2028 வரை ஓடும். இருபது வயது தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025-ல் பத்தாயிரம் ரூபாய் ஆக்கிவிட்டார்கள். பராமரித்த வண்டியா, பாழடைந்த வண்டியா என்ற பேதமே அதில் கிடையாது. அந்த யோசனையை அப்போது வைத்துக்கொள்ளலாம். இப்போதைக்கு வால்வும் மூடியும் போட்டு, பிரேக்கைப் பார்த்து, மறுபடி இரண்டு டேங்க் அளந்து பாருங்கள். அதன் பிறகும் ரீபோர்தான் என்று அந்த மெக்கானிக் சொன்னால், நான்கு சிலிண்டர் அளவையும் தனித்தனியாகத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.