கம்பம் பள்ளத்தாக்கில் ஓடுவது எந்த ஆறு?

வணக்கம். பெரியாறு கேரளத்துக்குள் பாய்ந்து அரபிக்கடலில் கலக்கிறது என்றால், கம்பத்தில் ஓடும் முல்லைப் பெரியாறு எது, வைகையின் தொடக்கம் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் வரையும் வரைபடத்தில் இரண்டு பள்ளத்தாக்குகளைத் தனித்தனியாகக் குறித்தால் இக்குழப்பம் தீரும். வைகை வருசநாட்டு மலைகளில் பிறந்து, கடமலைக்குண்டு வழியாக வடக்கே வருகிறது; அதற்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் நடுவே மேகமலை நிற்கிறது.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இயற்கையாக உரிய ஆறு சுருளியாறு. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி 1895இல் பயன்பாட்டுக்கு வந்த அணை தேக்கிய பெரியாற்று நீர், தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திருப்பப்பட்டு, இன்று லோயர் கேம்ப் மின்நிலையத்தைக் கடந்து இவ்வாற்றில் சேர்வதால்தான் ஊர்மக்கள் அதை முல்லைப் பெரியாறு என்கிறார்கள். மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்நிலத்தில் இருபோக நெல்லும், கூடலூர்ப் பக்கம் பந்தலில் படர்ந்த திராட்சையும் காண்பதற்கு அந்தத் தண்ணீரே முதற்காரணம்.

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என ஊர்கள் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக வரிசையாக அமைந்திருப்பதைப் படத்தில் காட்டுங்கள். ஆறும் நெடுஞ்சாலையும் ஏறக்குறைய அதே திசையில்தான் செல்கின்றன. தேனிக்கு அருகே சுருளியாறு வைகையில் கலக்கிறது. வைகை அணை அதற்குக் கீழே ஆண்டிபட்டிப் பக்கம் உள்ளது. பள்ளிப் பாடப் படங்கள் பல, இவ்விரு ஆறுகளையும் ஒரே கோடாக வரைந்துவிடுகின்றன. அவற்றைப் பார்த்து வரைய வேண்டாம்.