மகன் என்னை ‘அம்மா’ என்று கூப்பிடுவதில்லை

கேள்வி: இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். குவைத்தில் நான்கு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து ஐந்து மாதமாகிறது. மகனுக்குப் பதினொரு வயது, தரம் 6 படிக்கிறான். அப்பாவின் அம்மா, அப்பாயிதான் வளர்த்தார். என்னை அம்மா என்று கூப்பிடுவதே இல்லை. எதுவானாலும் அப்பாயியிடம் சொல்லி விடுகிறான். நான் வாங்கி வந்த போனை மட்டும் எடுத்துக்கொண்டான். “இன்னும் ரெண்டு வருசம் போயிட்டு வாங்க, பையன் வளர்ந்தா தானா விளங்கும்” என்கிறார் ஏஜென்ட். என்ன செய்வது?

பதில்: ஐந்து மாதம் உங்களுக்கு நீளமாகத் தெரியும். மகனுக்கோ நீங்கள் இன்னும் லீவில் வந்திருக்கிற ஆள்தான். பாசம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஆறேழு வயதில் விட்டுப்போன அம்மா மறுபடி போவாளா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒட்டிவிட்டுப் பிரிவதைவிட ஒட்டாமலே இருந்துவிடலாம் என்பது பிள்ளைகள் போடும் கணக்கு. வாயால் அதைச் சொல்லத் தெரியாது.

அதனால் முதலில் ஏஜென்ட் விசயத்தை முடியுங்கள். லயம் லயமாக, தோட்டத்து வரிசை வீடுகளைத் தேடி வருகிறவர் அநேகமாக ஏஜென்ட் கூட இல்லை, சப் ஏஜென்ட். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. கையில் முன்பணத்தைத் திணிப்பார், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார், மனம் மாறினால் “செலவைக் கட்டு” என்பார். விசிட் விசாவில் ஏற்றிவிடப் பார்ப்பவர்களும் உண்டு. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் அப்படிப் போனால் அங்கே ஏதும் நடந்தாலும் காப்புறுதி கிடையாது. 2013இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வீட்டு வேலைக்குப் போக அரசாங்கம் தடை போட்டது. அப்போதும் பிள்ளையின் வயதை மறைத்துக் கடிதம் எடுத்துக்கொடுத்து அனுப்பியவர்கள் இந்த ஆட்கள்தான். பிறகு விதியைத் தளர்த்தினார்கள். திரும்பி வந்து வாசலில் நிற்கிற தாயைப் பற்றி யார் யோசித்தார்கள்? சரி, உங்கள் பாஸ்போர்ட் அவரிடம் இருந்தால் இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்தப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்குப் போன் எடுங்கள். பிள்ளை வளர்ப்பைப் பற்றி அவர் சொல்லும் எதையும் காதில் போடாதீர்கள். போகப்போவதில்லை என்று முடிவெடுத்தால் அதை மகனிடம் ஒரு தடவை நேராகச் சொல்லுங்கள். சத்தியம் செய்ய வேண்டாம்.

அவனை எதிரில் உட்காரவைத்துப் பேசினால் இந்த வயதில் பதில் வராது. கை வேலையில் இருக்கும்போதுதான் வாய் திறக்கும். பின்னேரம் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போகும்போது ஒரு சின்ன வாளியைக் கொடுத்துக் கூட்டிப்போங்கள். ரொட்டி தட்டும்போது தேங்காய் துருவச் சொல்லுங்கள். “படிச்சியா, எத்தனை மார்க்ஸ்” வேண்டாம். புலமைப்பரிசில் சோதனையை நீங்கள் பக்கத்தில் இல்லாமல் எழுதியவன். உங்களுக்குத் தெரியாததைக் கேளுங்கள்: போனில் படத்தை எப்படி அனுப்புவது என்று. “அதை அமத்தாதீங்க, இத அமத்துங்க” என்று எரிந்து விழுவான். விழட்டும், அதுவும் பேச்சுத்தான். சொன்ன நேரத்துக்கு வீட்டில் இருங்கள். மலையில் கொழுந்து நிறுக்க நேரமாகும் என்று தெரிந்தால், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன்பே அவனிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

அப்பாயியிடமிருந்து பிரிக்காதீர்கள். ராத்திரி அவர் பக்கத்தில் படுத்தால் படுக்கட்டும். அவரைக் குறை சொன்னால் இரண்டு பேரையும் இழப்பீர்கள்.

பொறுமையாக இருங்கள் என்று சொல்கிறேன். ஆனால் ஒரு விசயத்தில் பொறுக்கக் கூடாது. இந்த வயதில் புதிதாகப் படுக்கையை நனைக்கிறானா? ஒரு குறிப்பிட்ட ஆள் வந்தால் ஒளிகிறானா, ஒரு வீட்டுப் பக்கமே போக மறுக்கிறானா? தொட்டால் திடுக்கிடுகிறானா? நீங்கள் இல்லாத காலத்தில் ஏதோ நடந்திருக்கலாம். நடந்தே இருக்கும் என்று சொல்லவில்லை. வேறு காரணமும் இருக்கும். ஆனாலும் “வெட்கப்படுகிறான்” என்று தள்ளிவிடாதீர்கள். அவனை நோண்டி நோண்டிக் கேட்கவும் வேண்டாம். சந்தேகப்படுகிற ஆளிடம் போய்ச் சண்டை பிடித்தால் அந்த ஆள் பிள்ளையைத்தான் மிரட்டுவான். லயத்தில் யாரிடமும் சொல்லாமல் 1929க்கு எடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அப்படி எதுவும் இல்லையென்றால், காசு வாங்கிக்கொண்டு மூன்று நாளில் பிள்ளையைத் திருத்தித் தருகிறோம் என்கிற முகாம்களுக்கு அனுப்பாதீர்கள். ஹொஸ்டலும் வேண்டாம், இன்னொரு தடவை தள்ளிவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வான். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் காசில்லாமல் பார்க்கலாம். பார்க்க முடிந்தால் நல்லது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. போனால் “சேர் கூட்டத்தில், நாளைக்கு வாங்க” என்பார்கள். சிங்களத்தில் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். அவர்களுக்கென்ன, ஒரு நாள் பேர், அதாவது நாள் சம்பளம், போவது உங்களுக்கு. ஆகவே தமிழ் பேசும் உத்தியோகத்தர் எந்த நாளில் இருப்பார் என்று போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். முதல் தடவை மகனைக் கூட்டிப்போக வேண்டாம், நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள்.