முளைக்க வைத்த குரக்கன் மா செய்ய நாலைந்து வீடு சேர்ந்து மூட்டையாகத் தானியம் வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் மட்டக்களப்பில் இருக்கிறார். கைக்குழந்தைக்குக் கஞ்சி, வீட்டில் சீனி வருத்தமுள்ள மாமிக்கு ரொட்டி, பிட்டு, இதற்கெல்லாம் கடை மாவை நம்பாமல் தாங்களே குரக்கன், பயறு, சோளன் வாங்கி முளைக்க வைத்து அரைக்கலாமா, வெளிநாட்டில் வீட்டில் பியர் வடிக்கிறவர்கள் கூட்டாக மூட்டைக் கணக்கில் தானியம் எடுப்பதுபோல இங்கேயும் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக எடுக்கலாம். களுவாஞ்சிக்குடிப் பக்கம் நாங்கள் சில வீட்டார் அப்படித்தான் எடுக்கிறோம். ஆனால் எதைச் சேர்ந்து செய்வது, எதை அவரவர் வீட்டில் செய்வது என்பதை முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும். வாங்குவது, ஏற்றி இறக்குவது, நிறுப்பது, மில்லுக்குக் கொண்டு போவது எல்லாம் சேர்ந்து செய்தால் லாபம். ஊறப் போட்டு முளைக்க வைப்பதும் காய வைப்பதும் தனித்தனியாகவே நடக்கட்டும், ஏனென்றால் ஒரு வீட்டில் பூஞ்சணம் பிடித்தால் அது அந்த வீட்டோடு நின்றுவிடும், எல்லோருடைய பங்கும் ஒரே குவியலில் கிடந்தால் எல்லாமே போய்விடும். மாவாக மட்டும் மொத்தமாக வாங்கவே வாங்காதீர்கள். முழுத் தானியம் மாதக்கணக்கில் கிடக்கும், அரைத்த மா சில கிழமைகளிலேயே மணம் மாறத் தொடங்கிவிடும்.

நீங்கள் சொன்ன பியர்க்காரர்களும் இதே காரணத்துக்காகத்தான் மால்ட்டை, அதாவது முளைக்க வைத்து உலர்த்தின பார்லியை, முழுதாக வாங்குகிறார்கள். 25 கிலோ மூட்டையாக எடுத்துப் பங்கிட்டு, வடிக்கிற நாளில்தான் உடைப்பார்கள். எல்லோருக்கும் வேண்டிய அடிப்படை மால்ட்டைக் கூட்டாகவும், நிறத்துக்கும் ருசிக்கும் போடுகிற வறுத்த மால்ட்டை அவரவர் கொஞ்சமாகவும் வாங்குவார்கள். அந்த ஒழுங்கு நமக்கும் பொருந்தும்: குரக்கனைக் கூட்டாக எடுங்கள், பயறையும் மற்றதையும் அவரவர் தேவைக்கு வாங்கட்டும். பியர் வடிப்பது மட்டும் நமக்குச் சரிவராது. இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். மற்றபடி தானியத்தை நனைத்து, முளைக்க விட்டு, சரியான நேரத்தில் உலர்த்தி நிறுத்துகிற வேலை பார்லிக்கும் குரக்கனுக்கும் ஒன்றுதான். பார்லியைக் குளிரில் நாலைந்து நாள் முளைக்க விடுவார்கள், நம்முடைய வெக்கைக்குக் குரக்கன் ஒன்றிரண்டு நாளில் முளைத்துவிடும்.

எங்கே எடுப்பது என்றால், காடு வெட்டிச் செய்கிற சேனைப் பயிர் பெரும்போக மழையை நம்பித்தான் இருக்கிறது, ஆகவே தை கடைசி தொடங்கிப் பங்குனி வரைக்கும் புதுத் தானியம் வரும். படுவான்கரைப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். இல்லாவிட்டால் செங்கலடியில் இருந்து பதுளை வீதியால் போனால் அம்பாறை மாவட்டத்து மஹாஓயா, பதியத்தலாவைப் பக்கம் சோளன் நிறையச் செய்கிறார்கள். சிங்களம் வடிவாகக் கதைக்கிற ஒருவர் உங்கள் கூட்டத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி, விவசாயியிடமே நேரே பேசி எடுக்கலாம். ஏற்றி வர ஒரு பட்டா லொறி பிடித்து, கூலியைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்காமல் கிலோவுக்கு இவ்வளவு என்று பிரியுங்கள். அஞ்சு கிலோ எடுக்கிறவரும் இருபது கிலோ எடுக்கிறவரும் ஒரே கூலி கொடுத்தால் அடுத்த முறை அஞ்சு கிலோக்காரர் வரமாட்டார்.

பணம் கொடுக்கிறதுக்கு முன்னால் ஒரு கைப்பிடி மாதிரி வாங்கி வாருங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்பேன். அந்த மாதிரியில் நூறு மணி எண்ணி நனைத்துத் துணியில் சுற்றி வைத்தால் இரண்டாம் நாளே விஷயம் தெரிந்துவிடும். தொண்ணூறு முளைத்தால் நல்ல தானியம். அறுபதுதான் முளைத்தது என்றால் அதை முளைமாவுக்கு எடுக்காதீர்கள், முளைக்காத மணிகள் ஈரத்தில் கிடந்து புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும், அது பக்கத்து மணிக்கும் தொற்றும். ரொட்டிக்குச் சும்மா அரைக்க என்றால் பரவாயில்லை.

ஈரம் பார்க்க மெஷின் தேவையில்லை. நன்றாகக் காய்ந்த ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்குக்குத் தானியம் போட்டு, இரண்டு மூன்று மேசைக்கரண்டி காய்ந்த தூள் உப்பும் போட்டு, மூடி நன்றாகக் குலுக்கிக் கால் மணித்தியாலம் வையுங்கள். உப்பு போத்தலில் ஒட்டியிருந்தால் தானியத்தில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் ஈரம் இருக்கிறது, வாங்கி மூட்டையில் வைக்க ஏலாது. ஒட்டாமல் கீழே கொட்டினால் வைக்கலாம். சோளனுக்கு இது மிக முக்கியம். ஈரச் சோளனில் வருகிற பூஞ்சணம் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சை விடும், அது ஈரலைப் பாதிக்கும், வறுத்தாலும் அவித்தாலும் முழுதாகப் போகாது. பச்சையாகவோ கறுப்பாகவோ நிறம் மாறின மணி, சுருங்கின மணி எல்லாவற்றையும் சுளகில் பரப்பிப் பொறுக்கி எறியுங்கள்.

விதைக் கடையில் கிடைக்கிற சிவப்பு, ரோஸ் நிறம் பூசின சோளன் விதையை விலை குறைவு என்று யாராவது கொண்டு வந்தால் தொடவே வேண்டாம். அது பூஞ்சண மருந்து பூசின விதை. கழுவினாலும் சாப்பிட உதவாது, கோழிக்குக்கூடப் போடக்கூடாது. அதே மாதிரி உரம் வந்த பைகளில் தானியம் கட்டி வந்தால் வாங்காதீர்கள், சாக்கு நாமே கொண்டு போவது நல்லது.

பிரிக்கும்போது எல்லா வீட்டிலிருந்தும் ஒருவராவது நிற்க வேண்டும். வந்த மூட்டையைப் படங்கில் கொட்டி ஒருமுறை நன்றாகக் கலந்துவிட்டு நிறுங்கள், ஏனென்றால் மூட்டையின் அடியில்தான் மண்ணும் பதரும் கூடுதலாகக் கிடக்கும். சுத்தம் செய்த பிறகு பிரிப்போம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. சுத்தம் செய்கிற வேலை ஓரிருவர் தலையில் விழுந்து பிறகு மனக்கசப்பு வரும். அழுக்கோடு பிரித்தால் கழிவும் எல்லோருக்கும் சமம். கணக்கை, மூட்டை நிறை, சாக்கு நிறை, கூலி எல்லாவற்றையும், ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள், அப்புறம் யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை.

சரி, இனி முளைக்க வைக்கிற வேலை. குரக்கனில் பொடிக்கல் இருக்கும், அரிக்கன் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஆட்டி அரித்து எடுக்க வேண்டும், மேலே மிதக்கிற பதரை ஊற்றிவிட வேண்டும். அவசரப்பட்டால் பிட்டில் பல்லுக்கு மண் தட்டும். பிறகு எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் ஊற விடுங்கள், இடையில் ஒருமுறையாவது தண்ணீரை மாற்றுங்கள். வடித்துவிட்டு ஈர வெள்ளைத் துணியில் விரல் கன அளவுக்கு மேல் போகாமல் பரப்பி, மேலே இன்னொரு ஈரத் துணி மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். குவித்துக் கட்டி வைக்கிற பழக்கம் கொஞ்சத் தானியத்துக்குச் சரி, கிலோக்கணக்கில் கட்டினால் நடுவில் நன்றாகச் சூடேறும், முளைக்கிற தானியம் மூச்சு விடும்போது வருகிற சூடு அது. அந்தச் சூட்டில்தான் புளிப்பு மணம் வரும். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துக் கையால் புரட்டிவிடுங்கள்.

முளை மணியளவுக்கு நீண்டதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் விட்டால் மாச்சத்தை முளையே தின்றுவிடும், உங்களுக்குக் கிடைக்கிற மா குறையும். பன்பாயில் மெல்லிசாகப் பரப்பி நல்ல வெயிலில் காய வையுங்கள், கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். காய்ந்ததும் சுளகில் போட்டு உள்ளங்கையால் தேய்த்தால் வேர் உதிரும், புடைத்துவிடலாம். பயறுக்கு ஆறேழு மணித்தியாலம் ஊறினால் காணும், ஓரிரவில் முளைத்துவிடும், ஆனால் பயறில் வண்டு வயலிலேயே முட்டை வைத்திருக்கும், அதனால் அதை மாதத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். சோளன் மூன்று நாலு நாள் எடுக்கும், பூஞ்சணத்துக்கு அது போதுமான நேரம், பழகாதவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். இறுங்கு முளைக்க வைக்கிறவர்கள் முளையையும் வேரையும் முழுதாகத் தேய்த்து அகற்ற வேண்டும், இறுங்கு முளையில் சயனைட்டைத் தருகிற ஒரு பொருள் இருக்கிறது. குழந்தைக்கென்றால் இறுங்கே வேண்டாம்.

காலமும் பார்க்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வாடை வீசி மழை ஊற்றும்போது இந்த வேலையைத் தொடாதீர்கள், காயாத முளை ஒரே நாளில் கெட்டுப்போகும். கச்சான் காற்று அடிக்கிற வைகாசி, ஆனி, ஆடிதான் இதற்கென்றே வந்த மாதங்கள், காலையில் போட்டது மாலையில் சருகாகிவிடும். அதனால் பங்குனியில் வாங்கி, முழுத் தானியமாகவே தகரத்திலோ மூடி இறுகுகிற பிளாஸ்டிக் வாளியிலோ வைத்து, கச்சானில் கொஞ்சம் கொஞ்சமாக முளைக்க வையுங்கள். குரக்கனுக்கு வண்டு அவ்வளவாக வராது, வருடம் தாண்டியும் கிடக்கும்.

மில்லில் ஒரு விஷயம். மிளகாய்த்தூள் அரைக்கிற மெஷினிலேயே மாவும் அரைப்பார்கள், குழந்தைக்குக் கொடுக்கிற மாவில் உறைப்பு ஏறிவிடும். எங்கள் கூட்டத்தில் இருக்கிற காத்தான்குடி ராத்தா ஒருவர் சொல்லித் தந்தது: மில்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்துக் காலையில் முதல் ஆளாகப் போங்கள், முதலில் ஒரு கொத்து பச்சையரிசி போட்டு அரைத்து மெஷினைத் துடையுங்கள், அந்த மாவை வேறாக எடுத்துவிட்டுப் பிறகு உங்களுடையதைப் போடுங்கள். கூட்டாகப் போனால் அந்த ஒரு கொத்து அரிசிதான் எல்லோருக்குமான செலவு. அரைத்த மா சூடாக வரும், ஆற விட்டுத்தான் மூடுங்கள்.

இப்போது உங்கள் குழந்தைக்கு. பலர் முளைமாவைச் சத்து என்று மட்டும் நினைக்கிறார்கள், அதன் பெரிய உதவி வேறு. முளைக்கும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி உண்டாகிறது, அது மாச்சத்தை வெட்டிக் கஞ்சியை இளக்கும். சாதாரண மாவில் குழந்தை விழுங்கக்கூடிய பதத்துக்குக் கஞ்சி காய்ச்சினால் பாதிக்கு மேல் தண்ணீர்தான், சின்ன வயிறு தண்ணீராலேயே நிறைந்துவிடும். ஆகவே முழுவதையும் முளைக்க வைக்கத் தேவையே இல்லை. சாதாரணக் குரக்கன் மாவிலோ அரிசி மாவிலோ கஞ்சியைக் கட்டியாகவே காய்ச்சி இறக்கி, நல்ல சூடு குறைந்து விரல் சுடாத பதத்துக்குக் கொஞ்சம் முன்னால், வறுக்காத முளைமா ஒரு தேக்கரண்டி போட்டுக் கிளறுங்கள். கரண்டியில் ஒட்டிக்கொண்டிருந்த களி சில நிமிடத்தில் ஊற்றக்கூடிய கஞ்சியாகிவிடும், ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்காமல். பிறகு கட்டாயம் ஒருமுறை கொதிக்க விடுங்கள், ஈரத்தில் கிடந்து முளைத்த மாவில் கிருமி இருக்கும். கொதிக்கிற கஞ்சியிலேயே முளைமாவைப் போட்டால் நொதி செத்துவிடும், கஞ்சி இளகாது. மணத்துக்காக மாவை நன்றாக வறுத்தாலும் அதே கதிதான். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குத்தான் இதெல்லாம், எப்போது எதைத் தொடங்குவது என்று கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மாமிக்கு இதே முளைமாவைக் கொடுக்காதீர்கள். மாச்சத்து ஏற்கெனவே ஓரளவு வெட்டுப்பட்ட மா, இரத்தத்தில் சீனியைக் கெதியாக ஏற்றக்கூடும். அவருக்கு முளைக்க வைக்காத குரக்கனை அரைத்துப் பிட்டோ ரொட்டியோ செய்யுங்கள், தேங்காய்ப்பூ தாராளமாகப் போட்டு, ஒரு கறியோடு, அளவாக. கூழ் வேண்டாம்.

இதனால்தான் நாலைந்து வீட்டுக்கு 50 கிலோ குரக்கன் மூட்டை ஒன்று தாராளமாகக் காணும் என்கிறேன். ஒரு வீட்டுக்குப் பத்துக் கிலோ வந்தால் அதில் ஒன்றரை, இரண்டு கிலோவை முளைக்க வைத்தால் போதும், மிச்சம் பிட்டுக்கும் ரொட்டிக்கும். முதல் தடவை குரக்கனோடு நிறுத்துங்கள். சோளனை அடுத்த பெரும்போகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்குள் யார் யார் சொன்ன நேரத்துக்குக் காசு தருகிறார்கள், யார் சாக்குத் தூக்க வருகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.